முகப்போவியமும் அறமும்

இல்லாத உலகொன்றை எழுத்தாளர் படைக்கிறார். அவ்வுலகுக்கு முகப்போவியம் வரையப் புகுபவர் எதற்குக் கட்டுப்பட்டவர்? மாயப் புனைகதையில் உண்மை, பொய் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பார் உளர். டிராகனுக்கு இத்தனை சிறகு என்று விதி வகுத்தவர் யார் என அவர்கள் வினவுவர். இக்கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. எழுத்தாளர் சொல்லாது விட்டவை யாவும் ஓவியரின் ஆட்சிக்குட்பட்டவையே. ஆயின், அவர் திட்டவட்டமாகச் சொன்னவற்றை மாற்றும் உரிமை ஓவியருக்கோ பதிப்பாளருக்கோ உண்டா என்பதே பிரச்சினை.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின், எர்த்சீ என்னும் கற்பனைத் தீவுக்கூட்டத்தைப் பற்றிய தமது முதல் நாவலை 1968இல் வெளியிட்டார். அதன் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற நண்பன் கறுத்தவன். வெண்ணிறத்தவரோ, கதைத் தொடக்கத்தில் கொள்ளையிட வரும் அந்நியர். வீரன் என்றால் வெள்ளையனே என்ற வழக்கை முறிக்கவேண்டுமென்றே அவர் இவ்வாறு படைத்தார். முதற் பதிப்பின் அட்டையில் ரூத் றொபின்ஸ் செம்புநிற முகத்தையே தீட்டினார். பின்வந்த பதிப்புகள் பலவற்றிலோ கெட் வெள்ளையனாக்கப்பட்டான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அவ்வாறே செய்தபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்தெழுதினார்.

இது கற்பனையின் சுதந்திரமா? அன்று, சந்தையின் அச்சமே இது. கறுத்த முகம் கொண்ட நூல் விலைபோகாது என்பது வணிகர் வாதம். அம்முகத்தை அட்டையில் மறைத்துவிட்டு, அது விலைபோகாது என்று எதனைக்கொண்டு நிறுவுவது? இதற்கிடையில், கடையில் அந்நூலைக் கையிலெடுக்கும் கறுப்பினச் சிறுமி, தன்னைப் போன்றோரின் கதை உள்ளே இருப்பதை அறியாமலே அதனைத் திரும்ப வைத்துவிடுகிறாள்.

எனினும், ஓவியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியன்று. 1965இல் டோல்கியனின் 'ஹொபிட்' நூலின் அமெரிக்க மலிவுப் பதிப்புக்குப் பார்பரா ரெமிங்டன் வரைந்த அட்டையில், கதையிலே தோன்றாத சிங்கமொன்றும் ஈமுப் பறவைகளும் இடம்பெற்றன. டோல்கியன் சினந்தார். ஆனால் நூலைப் படித்துப் பார்க்கும் வாய்ப்பே ரெமிங்டனுக்குக் கிடைத்திருக்கவில்லை. உழைப்பவரின் நேரத்தைப் பறித்துக்கொண்டு, அவரிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இரண்டு தவறுகளும் ஒரே எடையுடையவை அல்ல. அச்சிங்கம் எவரையும் சிறுமைப்படுத்தவில்லை. நிறமாற்றமோ மக்கட் கூட்டமொன்றையே கதையிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. அத்தகைய கட்டளை வரும்போது ஓவியர் மறுத்துரைக்கக் கடமைப்பட்டவர். மறுத்தால் பிழைப்புப் போகும் என்ற நிலையை உண்டாக்கிய பதிப்பாளரோ அவரினும் பெரும் பொறுப்பாளி.

வேறு வழி இல்லாமலில்லை. 2018இல் வெளிவந்த எர்த்சீ முழுத் தொகுப்புக்குப் படம் வரைந்த சார்ள்ஸ் வெஸ், ஆண்டுக்கணக்கில் லெ குவினுடன் கலந்துபேசியே வரைந்தார். அதனால் அவருடைய கற்பனை குன்றிவிடவில்லை. ஓவியருக்கு நூலைப் படிக்கும் அவகாசமும், எழுத்தாளருக்கு அட்டையை ஏற்கவும் மறுக்கவும் உரிமையும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். தனிமனிதரின் நல்லெண்ணத்தை நம்பி மட்டும் விட்டுவிடத்தக்க விடயமன்று இது.