நத்தாரும் தாயின் பங்கும்

நத்தார் நாளில் ஒக்லாந்தில் கடைகள் பூட்டியிருக்கும். வருடத்தில் மூன்றரை நாட்கள் கடைகளைப் பூட்ட வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அந்த நாட்களில் இதுவும் ஒன்று. ஆனால் உணவகங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே ஊர் ஓய்ந்திருக்கும் அன்று எங்களுக்கு வேலை இரட்டிப்பு. காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும். நாங்கள் குசினிக்குள் கோப்பை கழுவுவோம், கறி இறக்குவோம். ஒன்றரை மடங்கு சம்பளம், பிறகு மாற்று விடுமுறையாக ஒரு நாள். இதனால் அன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று எங்களில் யாரும் சொன்னதில்லை.

சாண்ட்ரிங்ஹாம் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். மூவர் சைவம், இருவர் வேதம். எல்லோரும் உணவக வேலைதான். இதை எழுதுகிறவர், பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர். அதனாலோ என்னவோ, வீட்டில் எழும் வழக்குகளெல்லாம் கடைசியில் அவர் தலையிலேயே விழுகின்றன. இங்கு சொல்லப்போவதும் அப்படி விழுந்த ஒரு வழக்குத்தான்.

எங்களில் இளையவன் பாசையூர்க் கத்தோலிக்கன். 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போன குடும்பம். தகப்பன் கடற்றொழில் செய்து இறந்துபோனார். தமையன் 2009 மே மாதத்துக்குப் பிறகு காணாமல் போனவன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் குந்தத் தொடங்கியபோது, இவனுடைய தாயும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போயிருந்தா. ஒவ்வொரு நத்தாருக்கும் நடுச்சாமப் பூசை முடிந்து வந்து, மூத்தவனுக்கும் ஒரு கோப்பை வைத்து, பலகாரமும் கேக்கும் எடுத்து வைத்துவிட்டு, இளையவனுடைய தொலைபேசிக்காகக் காத்திருப்பா. யாழ்ப்பாணம் எங்களுக்கு ஏழரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அவ பூசைக்குப் போகும்போது எங்களுக்குக் காலை ஏழரை. வீடு திரும்பும்போது ஒன்பது, ஒன்பதரை. வேலைக்குப் போகுமுன் அவன் கதைத்துவிட்டு வருவான். பல வருடங்களாக இதுவே வழக்கம்.

போன வருடம் அவன் ஒரு புதிய சபையில் சேர்ந்தான். சேர்ந்து சில மாதங்களில் குடியை விட்டான், கோபத்தை விட்டான். அவனில் நல்ல மாற்றங்களைக் கண்டோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நத்தார் நெருங்கியபோது ஒரு நாள் சொன்னான்:

"அண்ணை, இந்த முறை அம்மாவுக்கு எடுக்கமாட்டன். இருபத்தைந்தாம் திகதி தேவனுடைய நாள் இல்லை. அது புறச்சாதியாரின்ர பண்டிகை. செத்தவைக்குச் சாப்பாடு வைக்கிறதும் அப்படித்தான்."

கூடவே வேறொரு விடயமும் வந்தது. சம்பளத்தில் பத்திலொன்று சபைக்குப் போகத் தொடங்கியிருந்தது. அந்த அளவுக்குத் தாய்க்குப் போன காசு குறைந்திருந்தது.

நாங்கள் சிரித்தோம், பிறகு ஏசினோம். "பெத்த தாயை விட்டவனுக்கு என்ன பக்தி?" என்று ஒருவர் கேட்டார். அவன் வேதப்புத்தகத்தோடு அறைக்குள் போய்விட்டான். இரவு வேலை முடிந்து வந்து படுத்தபோதுதான், அவன் சொன்னதை நாங்கள் சரியாகக் கேட்கவே இல்லை என்று பட்டது.

அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இயேசு பிறந்த திகதியைச் சுவிசேஷங்களில் எதுவும் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்பதற்கான பழைய சான்று ரோமில் 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில்தான் கிடைக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. நத்தாரை மறுத்தவர்களும் சில பேர் அல்லர். 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் பண்டிகையையே ஒழித்தது. அந்த வருட நத்தாரன்று கன்ரபரியில் சனங்கள் கலகம் செய்தார்கள். மசச்சூசெற்ஸில் 1659 தொடக்கம் 1681 வரை நத்தார் கொண்டாடியவருக்கு ஐந்து சிலிங் குற்றப்பணம். ஸ்கொட்லாந்தில் 1958 வரை அது பொது விடுமுறையே அல்ல.

நாங்கள் வாழும் இந்த நாட்டுக்குள்ளும் இரண்டு வழக்கங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. 1814 நத்தார் நாளில்தான் சாமுவேல் மார்ஸ்டன் வடக்கே ஓய்ஹி கடற்கரையில் மாவோரி மக்கள் முன்னிலையில் ஆராதனை நடத்தினார். ருவாட்டாரா என்ற தலைவர் இடத்தை அடைத்து, பழைய ஓடங்களைக் கொண்டு இருக்கைகள் அமைத்துக் கொடுத்தார். ஆனால் 1848இல் தெற்கே டனிடினில் வந்து குடியேறிய ஸ்கொட்லாந்துச் சபையார் நத்தாரைப் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்குப் புதுவருடமே பெருநாள்.

எங்களுடைய யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்த அமெரிக்க மிசனாரிமாரும் நத்தாரைப் பெரிதாக எண்ணாத நியூ இங்கிலாந்து மரபிலிருந்து வந்தவர்களே. மசச்சூசெற்ஸில் நத்தார் சட்டப்படி விடுமுறையானது 1856இல்தான். அதற்கு முந்திய வருடமே அவர்களுடைய வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டுவிட்டது. இன்று ஊரில் ஒளிவிழாவும் கரோலும் பாலன் குடிலும் இல்லாத கிறிஸ்தவத்தை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் எங்கள் பகுதிகளில் பள்ளிக்கூடம் கட்டியவர்களுள் சிலருக்கு அது இல்லாமலே பக்தி இருந்தது. ஆகவே, நத்தார் கொண்டாடாதவன் கிறிஸ்தவனே அல்லன் என்று எங்களில் ஒருவர் சொன்னது வெறும் அறியாமை.

அப்படியானால் அவன் செய்தது சரியா? இங்கேதான் நாங்கள் நின்று யோசித்தோம்.

நத்தாரை விலக்கிய அந்தப் பழைய சபையார் தாய் தகப்பனோடு ஒரே ஊரில் இருந்தவர்கள். டிசம்பர் 25 அன்று வழக்கம்போல் வேலைக்குப் போனாலும், மாலையில் அதே அடுப்பின் முன்னால் அதே தாயோடு இருந்து சாப்பிட்டார்கள். நியூ இங்கிலாந்தில் குடும்பம் கூடுவதற்கு நன்றி கூறும் நாள் இருந்தது, டனிடினில் புதுவருடம் இருந்தது. ஒரு நாளைத் தள்ளிவிட அவர்களால் முடிந்தது, மற்ற நாட்கள் கையில் இருந்தபடியால்.

எங்களுக்கு அப்படி அல்ல. அகதியாக வந்தவனுக்கு உறவு என்பது சில நாட்களாகச் சுருங்கிவிட்டது. பிறந்தநாள், திவசம், பொங்கல், நத்தார். மற்ற நாட்களில் வேலை, நித்திரை, நேர வித்தியாசம். அந்தச் சில நாட்களில் ஒன்றை எடுத்துவிட்டால் பண்டிகையோடு உறவில் ஒரு பெரிய துண்டும் போய்விடுகிறது. பாசையூரில் தாயின் வீட்டில் இருந்துகொண்டு, "அம்மா, நான் நத்தார் கொண்டாடமாட்டன்" என்று அவன் சொல்லியிருந்தால் அது அவனுடைய மனச்சாட்சியின் விடயம். ஒக்லாந்திலிருந்து தொலைபேசியை எடுக்காமல் விடுவது அதே செயல் அல்ல. கொள்கை ஒன்றாக இருக்கலாம், ஆனால் அதன் செலவைக் கொடுப்பது வேறு ஆள்.

குடும்பத்தை விடச் சொன்னவர் இயேசுவே அல்லவா என்று அவன் கேட்டான். அதுவும் உண்மை. தகப்பனையும் தாயையும் தன்னைவிட அதிகம் நேசிப்பவன் தனக்குத் தகுதியற்றவன் என்று அவர் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். லூக்காவில் அது இன்னும் கடுமையாக, வெறுப்பு என்ற சொல்லோடு வருகிறது. இதை மென்று விழுங்கிவிட்டு, கிறிஸ்தவம் எப்போதும் குடும்பத்தின் பக்கம் என்று சொல்வது நேர்மை அல்ல. எங்கள் ஊரிலும் அதற்குச் சாட்சி உண்டு. மிசன் விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு, அவர்களுடைய செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயர்கள் இடப்பட்டன. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் ஆனதும் அவ்வாறே. தகப்பன் வைத்த பெயருக்கு முன்னால் அறியாத ஒருவரின் பெயர் வந்து நின்றபோது வீட்டிலிருந்த தாய்மார் என்ன நினைத்திருப்பார்கள்?

ஆனால் வேதப்புத்தகத்தில் இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. இவை அவனோடு சேர்ந்து இருந்து வாசித்தபோது எங்களுக்குக் கிடைத்தவை.

முதலாவது, கடற்றொழிலாளர் கதை. யாக்கோபும் யோவானும் வலையைத் திருத்திக்கொண்டிருந்தபோது இயேசு கூப்பிட்டார், தகப்பன் செபதேயுவை விட்டுவிட்டுப் போனார்கள். இதைச் சொல்லும் மாற்கு, தகப்பன் கூலியாட்களோடு வள்ளத்தில் இருந்தார் என்று ஒரு சிறு விபரத்தையும் சேர்க்கிறார். மாற்கு அதை எந்த நோக்கத்தோடு எழுதினாரோ, வள்ளத்தில் ஆள் இல்லாமல் தொழிலுக்குப் போக முடியாது என்று தெரிந்த எங்களுக்கு அது கண்ணில் படாமல் போகாது. கிழவன் தனியே விடப்படவில்லை. அதே அதிகாரத்தில், வலையை விட்டு வந்த பேதுருவின் வீட்டுக்கு எல்லோரும் போகிறார்கள், காய்ச்சலாய்க் கிடந்த மாமியார் சுகமாகிறா.

இரண்டாவது, கொர்பான். பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் காட்டி, இது கடவுளுக்குக் காணிக்கை, ஆகவே உங்களுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கத்தை இயேசு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. உயிரைக் கேட்டவர், எல்லாவற்றையும் விடச் சொன்னவர், இந்த ஒன்றை மாத்திரம் ஏற்கவில்லை. ஏன்? அங்கே காணிக்கையாகப் போவது கொடுப்பவனுடைய பங்கு அல்ல, தாயினுடைய பங்கு. தன்னுடையதைக் கொடுப்பதுதான் பக்தி. இன்னொருவருடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்கும் பக்தி என்று பெயர் வைக்க முடியாது.

பக்திக்கும் குடும்பத்துக்கும் முரண்பாடு உண்டா என்ற கேள்விக்கு எங்களால் கொடுக்க முடிந்த விடை இவ்வளவே. முரண்பாடு உண்டு, வரவும் செய்யும். வரும்போது யாருடைய பங்கு மேடையில் வைக்கப்படுகிறது என்று பார்க்கவேண்டும். அவன் நத்தார்க் கேக்கை விடலாம், வாழ்த்தை விடலாம், புது உடுப்பை விடலாம். அவையெல்லாம் அவனுடையவை. அந்தக் காலை ஒன்பது மணி அவனுடையது மாத்திரம் அல்ல.

இதைச் சொன்னபோது அவன் எங்களைப் பார்த்து ஒன்று கேட்டான்.

"நீங்கள் எல்லாரும் போன நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் எங்க நிண்டனீங்கள், அண்ணை?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒன்றரை மடங்கு சம்பளத்துக்கு நின்றோம். "வேலை அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு எடுக்காமல் விட்ட நாட்கள் எங்கள் ஒவ்வொருவரிடமும் உண்டு. காசு அனுப்புகிறோம் என்பதே எங்களுக்குக் கொர்பான் ஆகிவிட்டது. அவனாவது கடவுளுக்காகத் தாயின் பங்கில் கைவைத்தான். நாங்கள் கைவைத்தது எதற்காக? அவனை ஏசும்போது குடும்பப் பாசத்தின் காவலர்களாக நாங்கள் நின்ற நிலையை நினைக்க வெட்கமாக இருந்தது.

நத்தாரன்று காலை நாங்கள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே பொஹுட்டுகாவா மரம் சிவப்பாகப் பூத்து, பூவின் தும்புகள் நடைபாதை எங்கும் கொட்டிக் கிடந்தன. ஒன்பதரை இருக்கும். அவன் தொலைபேசியோடு பின்வாசல் படியில் போய் இருந்தான். வாழ்த்துச் சொல்லவில்லை. தாயின் கால்வலியைக் கேட்டான். மழை எப்படி என்று கேட்டான். அண்ணனைப் பற்றி ஏதும் தகவல் உண்டா என்று கேட்டான். பிறகு, எங்களுக்கும் கேட்கும்படி, "இண்டைக்கு ஒண்டுமில்லை அம்மா, சும்மாதான் எடுத்தனான்" என்றான்.

தாயின் குரல் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

"ஓம் தம்பி, சும்மாதான் எடுத்தனீ. எனக்குத் தெரியும். சாப்பிட்டியே?"

பத்திலொன்று இப்போதும் சபைக்குப் போகிறது. தாய்க்கு அனுப்புவதை அனுப்பிவிட்டு, மிச்சத்தில்தான் பத்திலொன்று எண்ணுகிறான். அது சரியான கணக்கா என்று சபையில் அவனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. நாங்களும் அவனுக்காகப் பதில் சொல்லப் போவதில்லை. வருகிற நத்தாருக்கு எங்களில் இரண்டு பேர் மாறி மாறிக் குசினியை விட்டு வெளியே வந்து வீட்டுக்கு எடுப்பதென்று பேசி வைத்திருக்கிறோம். முதலாளியிடம் இனித்தான் கேட்க வேண்டும்.