கதை அனுப்புவோன் கடன்

எழுதும் முறைக்குத் தமிழில் இலக்கணம் நிரம்ப உண்டு. எழுதியதைப் பத்திராதிபரிடம் ஒப்படைக்கும் முறைக்கோ வாய்மொழி வழக்கே இலக்கணமாயிற்று. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுக. திருப்பிப் பெற விரும்பின் முத்திரை ஒட்டிய உறையை இணைக்க. ஓர் ஆக்கத்தை ஏககாலத்தில் இரு இதழ்களுக்கு அனுப்பற்க. முன்னிரண்டும் வசதி பற்றியவை. மூன்றாவதே அறம் பற்றியது.

புத்தூரில் இருந்து எழுதும் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். சுன்னாகம் அவனுக்குத் தொலைவன்று. 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரி, 1958 வரை அங்கிருந்தே வெளிவந்தது. யாழ்ப்பாண நகரில் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகையோ, அவரது சிகை அலங்கரிப்பு நிலையத்தையே காரியாலயமாகக் கொண்டு வளர்ந்தது. அத்தகைய ஆசிரியரைச் சைக்கிளிற் சென்று காணலாம். ஏற்பையோ மறுப்பையோ முகத்திலேயே படித்துக்கொள்ளலாம். (தெரிந்தவரின் சிபாரிசோடு செல்வோரும் உளர், ஆசிரியரின் மறுக்கும் உரிமையைப் பறிக்கும் அச்செயல், இரட்டைப் பிரதியினும் கீழானது.) கொழும்பின் வீரகேசரிக்கும் தினகரனுக்கும் அக்காலத்தில் தபாலே வழியாயிருந்தது. அங்கே பெரும்பாலும் கிடைப்பது மௌனம்.

மௌனம் ஒருவனை எத்துணைக் காலம் கட்டுப்படுத்தும்? பிரதியை அனுப்புதல் ஒருவகை வாக்குறுதி என்பர். ஆயின், வாக்குறுதி ஏற்பவரின்றி நிறைவுறாது. பெற்றுக்கொண்டதாக ஒரு வரியேனும் எழுதாத ஆசிரியர், எழுத்தாளன் காத்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது ஒருதலை ஒப்பந்தமாகும். எனினும், அதனால் இரகசியமாக இன்னோரிடத்துக்கு அனுப்பும் உரிமை பிறந்துவிடாது. நியாயமான காலம் பொறுத்து, 'மீளப் பெற்றுக்கொள்கிறேன்' என ஒரு தபாலட்டை எழுதியபின் அனுப்புபவன் எவரையும் ஏமாற்றவில்லை.

ஏமாற்றம் ஆசிரியரோடு நிற்பதுமன்று. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் அச்சுத்தாள் அரும்பொருளாயிற்று. அத்தகைய காலத்தில் ஒரே கதை இரண்டு இதழ்களில் வெளிவரின், இரண்டாவது இதழின் பக்கங்கள் பிறிதோர் எழுத்தாளனிடமிருந்து எடுக்கப்பட்டவை. அவன் யாரென அறிய வழியில்லை. ஆதலால் அவனுக்கு இழைத்த தீங்கு எவர் மனத்தையும் உறுத்துவதில்லை.

ஆங்கிலச் சஞ்சிகைகளிற் பெரிதும் வழங்கும் மரபு வேறு. கட்டுரையை எழுதுமுன் அதன் கருத்தை மட்டும் தெரிவித்து ஆசிரியரின் இசைவைப் பெறுவர். வீண் உழைப்பு குறைவதால் இது மேலான முறையாகத் தோன்றும். ஆனால் பதிப்புரிமைச் சட்டம் சொல் வடிவத்தைக் காக்குமேயன்றிக் கருத்தைக் காவாது. நிலாவரைக் கிணற்றைப் பற்றி எழுதலாமென ஒருவன் கேட்கின்றான் என்க. கிணறு எல்லோருக்கும் பொது. மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உவர் என்பதும் ஊரறிந்த செய்தி. அவ்வளவே அவன் சொன்னானாயின், ஆசிரியர் அப்பொருளை வேறொருவரிடம் கொடுப்பதிற் குற்றமில்லை. அந்நீரை இறைத்துப் பயிரிட்ட முதிய கமக்காரரைத் தேடிக் கேட்டறிந்த அனுபவங்களை முறைப்படுத்தி அவன் எழுதியிருப்பின், அக்கடிதம் வெறும் யோசனையன்று, உழைப்பு. அதனை மறுத்துவிட்டுத் தம் நிருபரை அதே கமக்காரரிடம் அனுப்பும் ஆசிரியர் சட்டத்துக்கு அகப்படார். மறுநாள் அந்த நிருபர் தம் வாசலில் வந்து நிற்கும்போது, முதலில் வந்தவன் என்னவானான் எனக் கமக்காரர் கேட்கக்கூடும்.