முதுசமும் கடனும்



அண்மையில் ஒரு சனிக்கிழமை, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் நூதனசாலைக்குச் சென்றிருந்தேன். நாவலர் மண்டபத்துக்குப் பின்புறமாக, வீதியில் போவோர் கண்ணில் எளிதிற் படாத இடத்தில் அது இருக்கின்றது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தவறாமற் போகிறவர்களிற் பலர்கூட அதற்குள் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

வாசலிலே கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய பீரங்கிகள் துருவேறிக் கிடக்கின்றன. உள்ளே போகப் பொறுமையற்ற ஒரு சிறுவன், அவற்றில் ஒன்றின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “சுவாமி, இது எங்கட ஆக்களின்ரயோ, மற்ற ஆக்களின்ரயோ?”

“ஒல்லாந்தரின்ர, தம்பி” என்றேன்.

“அப்ப, அவை எங்கட ஆக்களோ?”

விடை சொல்லத் தெரியாமல் நின்றேன் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. “உள்ளுக்குப் போவம், வா” என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். கடந்த காலத்தில் ‘எங்கட ஆக்கள்’ யார்? அவர்கள் செய்தவற்றுள் நமக்குச் சேருவது எது?

நூதனசாலைக்குள் நுழைகிற எவருக்கும் முதலில் வருவது பெருமிதம். அதில் தவறில்லை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, ஈமக்குழி ஒன்றிலே மனித எலும்புக்கூட்டுடன் பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை ஒன்று கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் எழுத்தறிவோடு வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னபோது அவர்களுடைய முகம் மலர்ந்தது. “நாங்கள் அவ்வளவு பழைய ஆக்களோ!” என்றாள் ஒரு சிறுமி. ‘நாங்கள்’ என்ற சொல் எவ்வளவு இலகுவாக வந்தது பாருங்கள். அந்த முத்திரையை அவள் செய்யவில்லை. அவளுடைய பாட்டனும் செய்யவில்லை. இருந்தும் அதன் பெருமை தன்னுடையது என்று உணர்ந்தாள்.

கந்தரோடைப் பொருட்களுக்கு முன்னால் அந்த மலர்ச்சி சற்றே தயங்குவதைக் கண்டேன். அங்கே கிடைத்தவற்றுள் பௌத்த சின்னங்களும் உண்டு. தமிழர் நடுவிலும் ஒரு காலத்திற் பௌத்தம் வாழ்ந்தது என்பதைத் தமிழிலக்கியம் படித்தோர் அறிவர். ஆயினும் இன்றைய அரசியலின் சூட்டிலே, புத்தர் சிலை ஒன்றைக் கண்டதும் இது நமக்குச் சாதகமா பாதகமா என்றே மனம் கணக்குப் போடுகின்றது. பொருள் சொல்வதைக் கேட்க நாம் அங்கே போகிறோமா, நாம் ஏற்கனவே முடிவு செய்துவிட்டதை அதன் வாயிலிருந்து பிடுங்கப் போகிறோமா?

இனிப் பீரங்கிக்கு வருவோம். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். அதன் பின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது கடுந் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரரைப் போல வந்து சேர்ந்து, சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றிய யோசேவ் வாஸ் அடிகளின் வரலாறு நம் வீடுகளில் தெரியாததன்று. 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். இதைச் சொன்னால் அந்தச் சிறுவன், “அப்ப ஒல்லாந்தர் கெட்ட ஆக்கள்” என்று முடித்துவிடுவான். கேட்பவருக்கும் மனம் ஆறும்.

ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. அந்தக் கோட்டையை முதலிற் கட்டத் தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை வீழ்த்தியவர்கள் அவர்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்துத் தரைமட்டமாக்கியவர்களும் அவர்களே. நாம் மறைக்கல்விப் பிள்ளைகளோடு நின்ற நூதனசாலையும் அதே நல்லூரிலேதான் இருக்கின்றது. நமக்கு ஞானஸ்நானம் தந்த கையும், அயலவனின் கோவிலை இடித்த கையும் ஒரே கப்பலில் வந்திறங்கின. அதற்கும் முந்திச் சென்றால், 1544இல் மன்னாரிலே புதிதாகத் திருமறையைத் தழுவிய அறுநூறு பேர் வரையில் யாழ்ப்பாண மன்னனின் ஆணையால் வெட்டுண்டு இறந்தார்கள். வெட்டுண்டவர்களும் தமிழர், வெட்டச் சொன்னவனும் தமிழன். இவர்களில் ‘எங்கட ஆக்கள்’ யார்? தமிழன் என்ற முறையில் ஒரு விடையும், கத்தோலிக்கன் என்ற முறையில் வேறொரு விடையும் வருகின்றன. நேர்மையானவன் இரண்டையும் கேட்டாக வேண்டும்.

“அதெல்லாம் நானூறு ஆண்டுக்கு முந்திய கதை, எனக்கென்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினர் தம் நூலின் 18ஆம் அதிகாரத்திலே தெளிவாகக் கற்பிக்கின்றார். குற்றம் என்பது மனச்சாட்சியோடு செய்த செயலைப் பற்றியது. நான் பிறக்குமுன் நடந்ததற்கு நான் குற்றவாளியாக முடியாது. இதில் ஐயமேயில்லை.

ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. இதை விளக்க ஐரோப்பிய தத்துவ நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம்முடைய தேசவழமையே போதும். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாக வகுக்கும் அந்த வழமையை 1707இல் எழுத்திலே தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி. அதைப் பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் பார்வையிட்டு உறுதிசெய்தார்கள். நம் மதத்தைத் தடைசெய்த ஆட்சியே நம் வழமையையும் காத்துத் தந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுப்பிலே, பெற்றோர் பட்ட கடனை ஆண்மக்கள் தீர்க்க வேண்டும் என்ற விதி காணப்படுகின்றது. அப்பன் கடன் வாங்கியது மகன் செய்த குற்றமன்று. ஆயினும் வளவும் வயலும் எனக்கு, கடன்காரன் மட்டும் செத்துப்போன அப்பனைத் தேடிப் போகட்டும் என்று சொல்பவனை ஊர் மதிக்குமா?

வரலாறும் ஒரு முதுசம்தான். ஆனைக்கோட்டை முத்திரைக்கு முன் நின்று ‘நாங்கள்’ என்று சொன்னவர், பீரங்கிக்கு முன் நின்று ‘அவர்கள்’ என்று சொல்ல முடியாது. பெருமையை ஏற்பவர் கடனையும் ஏற்க வேண்டும். கடன் வேண்டாமென்றால் பெருமையையும் விட்டுவிட வேண்டும். இரண்டிலொன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையன்று.

நூதனசாலைப் பொருட்கள் தாமாகப் பேசுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பழைய செம்பையும் குடத்தையும் பார்த்து, எவ்வளவு அழகான வேலைப்பாடு என்று வியக்கிறோம். அந்தக் குடத்தோடு யார் கிணற்றுக்குப் போகலாம், யார் தூரத்தில் நின்று மற்றவர் அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பது குடத்தில் எழுதப்படவில்லை. அதை நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நம் கோவில்களிலும் சாதி பார்த்து இடம் பிரித்திருந்த காலம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கூசுகிற நமக்கு, பிறர் நமக்குச் செய்த அநீதியைச் சொல்லக் கூச்சமேதும் இல்லையே!

இவ்விடத்தில் உங்களிற் சிலர் கோபமடைவீர்கள் என்று எனக்குத் தெரியும். “நாங்கள் பட்டது போதாதா? 1981இல் எங்கள் நூலகத்தை எரித்தார்களே, அவர்கள் முதலில் கடனைத் தீர்க்கட்டும்” என்பீர்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அவ்வாண்டு மே 31 இரவு தொடங்கிய கொடுமையில் ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலே பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர் நீத்ததை எந்தக் குருவானவர் மறக்க முடியும்? நாம் நம் கடனை ஒப்புக்கொள்வதால் அவர்கள் கடன் ஒரு சதமும் குறையாது. எரித்தவர்கள் எரித்ததற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் கணக்குப்பிள்ளை ஒருவர் வரவேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டு, கொடுக்க வேண்டியதை எழுதாமல் விட்டால் அந்தக் கணக்கை யார் நம்புவார்? 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோர் ஆயுத முனையில் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். தமிழர் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள் அதைச் செய்தார்கள். நம்மிற் பெரும்பாலோர் அதைச் செய்யவுமில்லை, செய்யச் சொல்லவுமில்லை. பயத்தினால் வாய் திறக்காதிருந்தோம். அந்தப் பயத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும் வாய் திறக்காதிருப்பதற்கு இன்று எந்தப் பயத்தைக் காரணம் காட்டுவோம்? ஐந்து சந்திப் பக்கத்தில் பூட்டிய வீட்டைத் திரும்பி வந்து திறந்த ஒருவருக்கு, அங்கே காணாமற்போன தையல் இயந்திரமும் குடும்பப் படங்களும் எந்த நூதனசாலையில் இருக்கின்றன?

“பழைய புண்ணைக் கிளறாதீர்கள், சுவாமி, மறந்தால்தான் சமாதானம்” என்பாரும் உண்டு. மறதியால் வரும் அமைதி, கடன்காரனைக் கண்டதும் ஒழுங்கை மாறிப் போகிறவனின் அமைதி போன்றது. பகையை வளர்ப்பது நினைவு அன்று; பாதி நினைவு. பிறர் செய்ததை மட்டும் நினைக்கிறவன் பழிவாங்கத் தேடுவான். நான் செய்ததை மட்டும் நினைக்கிறவன் சோர்ந்து போவான். இரண்டையும் சேர்த்து நினைக்கிறவனே அயலவனோடு பேசத் தகுதியுள்ளவன். 2000 மார்ச் 12 அன்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் திருச்சபையின் பிள்ளைகள் கடந்த நூற்றாண்டுகளிற் செய்த பிழைகளுக்காகப் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். அதனால் திருச்சபை சிறுமையடைந்ததா? வேண்டாதிருந்தால்தான் அடைந்திருக்கும்.

இந்தக் கடனைப் பணத்தால் தீர்க்க முடியாதே, எப்படித் தீர்ப்பது என்று கேட்பீர்கள். முதலில் கடன் உண்டு என்று ஒப்புக்கொள்வது. அடுத்தது, பிள்ளைகளுக்குக் கதையை முழுதாகச் சொல்வது. மூன்றாவது, இன்று கைக்கெட்டியதைச் செய்வது: திரும்பி வந்த அயலவருக்கு நிலப் பத்திரம் தேடிக் கொடுக்க உதவலாம், ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பத்தின் நன்மை தீமைக்கு நாமே முதலாளாய்ப் போய் நிற்கலாம்.

அன்று திரும்பி வரும்போது, வாசலில் அந்தச் சிறுவனை மறுபடியும் நிறுத்தினேன். “தம்பி, நீ கேட்ட கேள்விக்கு எனக்கு ஒரு விடைதான் தெரியும். இது இப்ப எங்கட. இடிச்ச கதையும் எங்கட, இடிபட்ட கதையும் எங்கட. ரண்டையும் நீ மறக்கக் கூடாது” என்றேன். அவன் கையைப் பார்த்தான், துரு ஒட்டியிருந்தது. காற்சட்டையில் துடைக்கப் போனவன், அம்மா ஏசுவா என்று நினைத்தானோ என்னவோ, குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தான்.

வாசகர்களே, அடுத்த முறை நல்லூர்ப் பக்கம் போகும்போது அரை மணித்தியாலம் ஒதுக்கி அந்த வாசலால் உள்ளே போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். ஒவ்வொரு பொருளுக்கு முன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுங்கள்: இதனால் எனக்கு வந்த முதுசம் என்ன? இதனால் நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன்?