வெளிச்சவீட்டின் செலவு

திருகோணமலைத் தமிழ் வீடொன்றில் பிள்ளை பிறந்துவிட்டால், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரையில் தாயானவள் அடுப்படிக்கு அனுப்பப்படுவதில்லை. மிளகும் மல்லியும் மஞ்சளும் வைத்தரைத்த சரக்குக் கறி அவள் இருக்குமிடத்துக்கே வந்து சேரும். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் வீடுகளில் அந்த ஓய்வு நாற்பது நாளாக நீளும். தீட்டு என்னும் பெயரால் வகுக்கப்பட்ட வழக்கத்தில் குறைகள் உண்டெனினும், பிரசவித்த உடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதும், அந்த ஓய்வினால் உண்டாகும் வேலையையும் செலவையும் வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுமாகிய இரண்டு நியாயங்கள் அதனுள் அடங்கியிருந்தன. பெண் கூலிக்கு உழைக்க வெளியே சென்றபோது, இவற்றுள் முதலாவதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது வீட்டோடு நின்றுவிட்டது.

இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டைச் சேர்ந்தது; கடை, அலுவலக ஊழியருக்கான சட்டம் 1954இல் வந்தது. நெடுங்காலமாக இவை இரண்டு பிள்ளைகள் வரையில் 84 நாள் பிரசவ லீவையும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 42 நாளையுமே அளித்துவந்தன. 2018இல் செய்யப்பட்ட திருத்தங்களே அந்தப் பேதத்தை நீக்கின. மூன்றாம் பிள்ளையின் பசி முதற்பிள்ளையின் பசியிற் பாதியன்று. தான் எத்தனையாவதாகப் பிறப்பது என்பதைத் தீர்மானிக்கும் சக்தி எந்தச் சிசுவுக்கும் இல்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், 2017இல் லீவை 26 வாரமாக உயர்த்திப் பாராட்டுப் பெற்ற இந்தியா, மூன்றாம் பிள்ளைக்கு 12 வாரமே என்று வரையறுத்து இதே பிழையை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆயினும் நாட்கணக்கு சமமாகிவிட்டதனால் நீதி நிறைவேறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடுக்கலாகாது என்று மருத்துவ மாது வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிப்போகிறாள். அந்த ஆறு மாதம் முடியுமுன்னரே சட்டம் அதே தாயை வேலைக்குத் திருப்பி அழைக்கிறது. ஒரே அரசாங்கம் இரண்டு வாயாற் பேசுகிறது. வேலைத்தலத்திற் பிள்ளைக் காப்பகம் இல்லாவிடில், பாலூட்டுவதற்கு ஒரு மணி நேரமாக இரண்டு இடைவேளைகள் உண்டு என்பது மெய்யே. ஆனால் சீனக்குடாவில் வேலை செய்பவளின் குழந்தை நிலாவெளியில் அம்மம்மாவின் மடியில் இருக்குமாயின், பஸ்ஸேறிப் போய்த் திரும்புவதற்கே அந்த ஒரு மணி போதாது. பால் கட்டி மார்பு கடுக்க, நனைந்த சட்டையை மறைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடர்வாள். தன் சொந்த உத்தியோகத்தருக்கு மாத்திரம், 84 நாள் முழுச் சம்பள லீவுக்குப் பின் மேலும் 84 நாள் அரைச் சம்பளத்தில் எடுக்க அரசாங்கம் இடமளிக்கிறது. ஆறு மாதத்தின் அவசியத்தை அது அறியாததன்று.

தகப்பனுடைய பங்கோ இதனினும் அற்பம். கச்சேரியில் எழுதுவினைஞராக இருப்பவருக்கு மூன்று நாள் உண்டு. தனியார் ஆலையில் மூட்டை தூக்குபவருக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. மூன்று நாளில் குழந்தையின் தொப்புட்கொடிகூடக் காய்ந்து விழுவதில்லை. தகப்பனுக்கு லீவு எதற்கு என்று கேட்பவர்கள், வீட்டில் அம்மம்மா இருப்பாள் என்று எண்ணிக் கேட்கிறார்கள். யுத்தத்தாலும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளாலும் உறவுகளை இழந்த இந்த மாவட்டத்தில், எல்லா வீட்டிலும் அவள் இருக்கிறாளா?

முதலாளியின் ஆட்சேபம் ஒன்றுண்டு. அதனைப் பேராசை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. மூன்று பேரை வைத்துக் கடை நடத்துபவர், வராத ஒருத்திக்குச் சம்பளமும் அவளுக்குப் பதிலாக வந்தவளுக்குச் சம்பளமும் கொடுப்பது பாரமே. அந்தப் பாரத்துக்கு அஞ்சி, கலியாண வயதிலுள்ள பெண்ணை அவர் வேலைக்கே சேர்க்காது விட்டால், அவளைக் காக்க வந்த சட்டமே அவளுக்கு வாசலை அடைத்துவிடும். இங்கே பிழை லீவில் இல்லை. அதன் கிரயத்தை ஒருவர் தலையில் மட்டும் வைத்த ஏற்பாட்டில் இருக்கிறது. துறைமுகமுள்ள ஊருக்கு இந்த நியாயம் புதிதன்று. வெளிச்சவீட்டின் செலவை அதன் ஒளியில் அன்றிரவு கரைசேர்ந்த ஒரு தோணிக்காரனிடமா அறவிடுகிறோம்? நாளை பிரஜையாகி இந்நாட்டைத் தாங்கப்போகும் குழந்தையின் முதல் ஆறு மாதமும் அத்தகைய பொதுச் செலவேயாகும்.

ஆகவே முதலாளிகளும் தொழிலாளரும் அரசாங்கமும் பங்களிக்கும் பொது நிதியொன்றிலிருந்து பிரசவ லீவுச் சம்பளம் கொடுக்கப்படுவதே தர்மம். அப்போதுதான், முதலாளியென்று ஒருவரும் இல்லாமல், வாடியில் மீனை வெட்டி உப்பிட்டுக் கருவாடு போடுகிறவளுக்கும் அதில் உரிமை உண்டாகும். இது புதிய யோசனையுமன்று. மகப்பேற்று நன்மைகளின் செலவுக்குத் தனியொரு முதலாளி பொறுப்பாகலாகாது என்று 1952ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் சமவாயம் வெளிப்படையாகக் கூறுகிறது. இலங்கை அதனை 1993இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த ஆண்டில் இங்கே பிறந்த பெண்குழந்தை இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டாள். அவளுடைய பிரசவ லீவுச் சம்பளத்துக்கும் அவளுடைய முதலாளி ஒருவரே பொறுப்பு.