சுவரில் எவர் பெயர்?

வெறுஞ்சுவரை வெறுஞ்சுவராகவே விட்டுவைக்க மனிதனுக்கு மனம் வருவதில்லை. குடிசையானாலும் மாடமாளிகையானாலும் அதில் ஏதேனும் ஒன்றைத் தீட்டவோ தொங்கவிடவோ அவன் கை துடிக்கிறது. அந்த ஆசை பழையது. இன்று அது ஒரு புதிய உருவம் கொண்டிருக்கிறது. கணவன், மனைவி, மக்கள் ஆகியோரின் பெயர்களை மரத்தில் அறுத்தும், கண்ணாடியில் ஒளியேற்றியும், அரபு எழுத்தணியில் வளைத்தும் நடுக்கூடத்தில் மாட்டுகிறார்கள். சிலர் தம் கையாலேயே செய்கிறார்கள். பலர் காசு கொடுத்துச் செய்விக்கிறார்கள். தன் வீட்டுச் சுவரில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வது தகுமா? சிறிய கேள்வியாகத் தோன்றினும், நாம் எதைப் பெருமையாகக் கருதுகிறோம் என்னும் பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

பெயர் பொறிக்கும் வழக்கம் எதற்காக எழுந்தது என்பதை அறிய, புதுவைக்குத் தெற்கே வீராம்பட்டினம் வரை சென்று வரலாம். அந்த மீனவர் ஊரை அடுத்து, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். 1947 முதல் 1950 வரை தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் கஸால், தம் நூலின் தலைப்பில் வீராம்பட்டினத்தின் பெயரையே முதலில் வைத்து, அரிக்கமேட்டை அதன்பின் சேர்த்தார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியோடு வாணிகம் நடத்திய அவ்விடத்தில் கண்ணாடி மணிகளும் மதுச்சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அவற்றோடு இருவகைப் பெயர்களும் கிடைத்தன.

இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிறக் கலங்களின் அடியில், செய்த குயவர்களின் பெயர் முத்திரையாகப் பதிந்திருந்தது. உள்ளூர்ப் பானை ஓடுகளிலோ தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. முத்திரை, “இதன் குறைக்கும் நிறைக்கும் நான் பொறுப்பு” என்கிறது. பானையில் கீறிய உடையவன் பெயர், “இது என்னுடையது, மாறிவிடாதீர்” என்கிறது. முன்னது பொறுப்பு, பின்னது உரிமை. இரண்டுக்கும் தேவை இருந்தது. நம் நடுக்கூடத்துச் சுவரிலுள்ள பெயருக்கு இவ்விரண்டில் எந்தத் தேவை? நம் வீட்டை எவரும் வேறொருவர் வீடென்று எண்ணி எடுத்துச் சென்றுவிடப் போவதில்லை. சுவரை எழுப்பிய கொத்தனாரின் பெயரோ அங்கே இல்லை. அப்படியானால் அப்பெயர், வருகின்ற விருந்தினரை நோக்கியே பேசுகிறது. அவரிடம் அது என்ன சொல்கிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன.

இமாம் முஸ்லிம் (ரஹ்) தொகுத்த நபிமொழிகளில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றிருந்த வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலில் ஓர் அலங்காரத் துணியைத் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்த நபிகளாரின் முகத்தில் அதிருப்தி தோன்றியது. கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு இறைவன் நமக்குக் கட்டளையிடவில்லை என்று கூறி அதனை இழுத்துக் களைந்தார்கள். அன்னையார் அத்துணியை வெட்டி, பேரீச்ச நாரை உள்ளே திணித்து, இரண்டு தலையணைகள் செய்தார்கள். அதை அண்ணலார் குறை கூறவில்லை.

ஆடையற்ற மனிதர் இருக்கையில் சுவருக்கு ஆடையா என்னும் கேள்வியை இந்நிகழ்ச்சி நமக்குள் எழுப்புகிறது. அதே துணி தலை சாய்க்க உதவியபோது ஏற்கப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அப்படியானால் அழகே கூடாதா என்று கேட்கலாம். அதற்கும் விடை இருக்கிறது. நல்ல உடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் வினவியபோது, இறைவன் அழகன், அழகை விரும்புகிறான் என்று நபிகளார் விளக்கினார்கள். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்றார்கள். நமக்கு வேண்டிய அளவுகோல் இதுவே. சுவரில் உள்ளது விருந்தினரைச் சிறியவராக உணரச் செய்தால், அது எத்தனை எளிய பலகையானாலும் பெருமையே. அவரை மகிழச் செய்தால், அழகே.

திருவசனத்தை மாட்டிவிட்டால் இக்கவலை இல்லை என்று சிலர் கருதுவர். கிரானடாவின் அல்ஹம்ரா அரண்மனையில், வெற்றியாளன் இறைவன் ஒருவனே என்னும் கருத்துள்ள வாசகம் சுவர்தோறும் திரும்பத் திரும்ப வருகிறது. அதே அரண்மனையின் சிங்க முற்றத்து நீரூற்றில், ஐந்தாம் முகம்மது மன்னரைப் போற்றும் இப்னு ஸம்ரக்கின் கவிதையும் பொறிக்கப்பட்டுள்ளது. இறைவனின் வெற்றியும் அரசனின் புகழும் ஒரே மாளிகையில் அருகருகே நின்றன. 1492இல் அவ்வரசு மறைந்தது, எழுத்து நின்றது. சுவரில் எழுதிய வசனம் அலங்காரமன்று; வீட்டார் ஊரறியச் செய்துகொண்ட உறுதிமொழி. அதன்கீழ் அமர்ந்து புறம் பேசினால், அச்சுவரே நமக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடும்.

இனி நம் தமிழ் மண்ணின் ஒரு கைவினையைப் பாருங்கள். நெல்லைச் சீமையின் பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் கோரையை ஊறவைத்து, நூலிழைபோல் நுண்மையாக்கிப் பாய் நெய்கிறார்கள். 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டுக்கு அப்பாய் பரிசாகச் சென்றது. திருமணப் பாயில் மணமக்களின் பெயர்களையும் இழைத்துத் தருவது அங்கே வழக்கம். இது பெயர் பொறிப்பதே எனினும் நம் மனம் இதனைத் தற்பெருமை என்று சொல்ல மறுக்கிறது. காரணம் தெளிவு. பெயருக்கு உரியவர் அதை நெய்துகொள்ளவில்லை; அவர்கள் நல்வாழ்வை விரும்பியோர் நெய்வித்துத் தந்தனர். இரண்டு பெயர்கள் ஒரே பாயில் இணைந்தன. ஒரு குறையும் அதில் உண்டு: பல நாள் உழைத்தவளின் பெயர் பாயில் எங்கும் இல்லை. அரெஸ்ஸோ குயவனுக்குக் கிடைத்தது பத்தமடைப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

வாங்கி மாட்டுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். புதுவை வட்டாரத்தில் வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அம்மண்ணைக் கலையாக்கும் வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அத்தகைய கைகளிடம் ஒரு பலகை செய்விப்போமாயின், செய்தவர் பெயரையும் அதில் இடச் சொல்வோம். பேரம் பேசி அவர் கூலியைக் குறைத்துவிட்டு நம் பெயரை மட்டும் அழகு பார்ப்பது அறமாகாது.

நாமே செய்வதானால் அதனினும் நன்று. ஆனால் நமக்காகச் செய்யாமல், வீட்டிலுள்ள இன்னொருவருக்காகச் செய்வோம். தாய்க்கு மகன் எழுதட்டும்; பேரனுக்குப் பாட்டி தைக்கட்டும். பிறர் பெயரை எழுதும் கை, எழுதும் நேரமாவது தன்னை மறந்திருக்கும். கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் படத்தை ஒரு மீனவக் குடும்பம் சுவரில் வைத்திருந்தால், அதை ஆடம்பரம் என்று எவர் சொல்வார்? உருவப்படம் குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த நினைவின் தூய்மையில் வேறுபாடு இல்லை.

தன் பெயரைத் தானே எழுதிக்கொள்பவனுக்குச் சுவர் ஒரு கண்ணாடியே. அதில் அவன் தன்னை மட்டுமே காண்பான். தனக்கு வேண்டியவரின் பெயரை அன்போடு எழுதி வைப்பவனுக்கோ, அச்சுவர் அவன் யாருக்குக் கடன்பட்டவன் என்பதை நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கும்.