அறிந்ததை மீண்டும் அறுத்துக் காட்டலாமா?

உண்ட உணவு இரைப்பையின் புளிப்போடு சிறுகுடலை அடைந்தவுடன் கணையம் தன் ஜீரண நீரைச் சுரக்கிறதே, அதற்கு ஆணையிடுவது எது என்ற வினாவுக்கு விடை கிடைத்தது 1902 ஜனவரியில், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில், மயக்க மருந்து அளிக்கப்பட்ட ஒரு நாயின் உடலிலேதான். குடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு அங்கே அமிலத்தைச் செலுத்திய உடலியல் அறிஞர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும், கணைய நீர் அப்போதும் சொட்டுவதைக் கண்டு, ஆணையைச் சுமப்பது நரம்பன்று, இரத்தத்தில் கலந்து செல்லும் ஒரு பொருளே எனத் தெளிந்து, அதற்குச் சீக்ரெட்டின் என்று பெயரிட்டனர். ஹார்மோன் என்னும் கருத்தே இதிலிருந்து விளைந்ததுதான்.

பிராணிகளால் நமக்குக் கிடைத்தது அறிவு மட்டுமன்று, மருந்தும்தான். மது அறியாத இளையோரின் கணையத்திலும் கற்கள் தோன்றி, ஜீரணம் கெட்டு, நீரிழிவும் வந்து சேரும் நோயொன்று கேரளத்தில் மிகுந்திருப்பதை டாக்டர் கீவர்கீஸ் 1960களில் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அங்குள்ள முதலமடை என்னும் ஊரின் மாந்தோப்பில் கூலிக்கு உழைக்கும் ஒருவருக்கு அந்நோய் கண்டால், அவர் உண்ட சோற்றைச் செரிக்க வைக்கும் மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். ஆகையால், பிராணிகளின் உடலிலிருந்து மனிதன் பெற்ற நன்மை யாவும் பாவமே என்று நோயற்றவர் தூர நின்று தீர்ப்புரைப்பது ஜீவகாருண்யம் ஆகாது.

ஆயினும் அதே பேலிஸ் 1903 பிப்ரவரியில் மாணவர் முன்னிலையில் ஒரு பழுப்பு நாயை அறுத்துக் காட்டினாரே, அது வேறு காரியம். கணைய ஆராய்ச்சிக்கென ஸ்டார்லிங் முன்பே ஒருமுறை வயிற்றைத் திறந்து தைத்திருந்த நாய் அது. மயக்கம் போதுமானதாக இருந்ததா என்று எழுந்த சச்சரவு அவதூறு வழக்காகி, பேலிஸுக்கு 2000 பவுன் நஷ்டஈட்டோடு முடிந்தது. நீதிமன்றத்துக்கு வேண்டியிருந்தது அவ்வளவே. தெரிந்துவிட்ட உண்மையைக் காட்சியாக்குவதற்கு மற்றோர் உயிரை எடுக்கலாமா என்பது அங்கே விசாரிக்கப்படவில்லை.

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் கொணர்ந்த மசோதாவின் வழியே உருவான 1960ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் இந்த வேற்றுமையை உணர்ந்திருந்தது. புதிய அறிவைத் தேடும் பரிசோதனைக்கு இடமளித்தபோதே, நூலும் மாதிரியும் திரைப்படமும் போதுமாயிருக்கும் வகுப்பறையில் பிராணிகளைத் தவிர்க்கவும், கைப்பழக்கத்துக்காக மட்டும் அறுப்பதைக் கூடுமானவரை விலக்கவும் விதிகள் செய்ய அது வழிவகுத்தது. அப்படியிருந்தும், விலங்கியல் மாணவர்களுக்கான அறுவைகளைப் படிப்படியாகக் கைவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு நெறிமுறை வகுக்க 2011 வரை ஆயிற்று. அந்த அரை நூற்றாண்டில் நம் கல்லூரி மேசைகளில் மடிந்த தவளைகள் மாணவனுக்குக் கற்பித்தது, அவன் கையிலிருந்த பாடநூலில் முன்பே அச்சாகியிருந்த படத்தைத்தான்.