பெயர் போட்ட பை

சென்ற மாதம் ஒரு நண்பரைப் பார்க்க அவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் ஊழியர் நலப் பிரிவைக் கவனிப்பவர் அவர். கம்பெனியின் பெயரும் சின்னமும் பொறித்த சட்டை, பை, பேனா முதலியவற்றை ஊழியர்களுக்கு வழங்க ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். கம்ப்யூட்டரிலேயே ஒரு கடை. ஊழியர்களைக் குரூப் குரூப்பாகப் பிரித்துவிட வேண்டியது. குரூப்புக்கு ஒரு கடை. கடைக்குக் கடை வேறு சாமான்.

"இதிலே பெரிய சௌகரியம் என்ன தெரியுமா?" என்றார் நண்பர். "ஒரு குரூப்பின் கடை இன்னொரு குரூப்புக்குத் தெரியாது. மானேஜருக்குக் கம்பளிச் சட்டை காட்டும்; குமாஸ்தாவுக்குப் பேனா காட்டும். பேனா வாங்குகிறவனுக்குக் கம்பளிச் சட்டை என்று ஒன்று இருப்பதே தெரியாது. யாருக்கும் மனவருத்தம் இல்லை பாருங்கள்!"

மனவருத்தம் இல்லை என்பதால் தவறும் இல்லை என்று ஆகிவிடுமா? வீடு வந்து சேரும் வரை இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பிரிப்பதே பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. சட்டை தைப்பதென்றால் ஒல்லியானவர், பருத்தவர் என்று பிரிக்காமல் முடியாது. உலைக்கு முன்னால் நிற்பவனுக்குக் கனத்த பூட்ஸ் வேண்டும். கணக்கு எழுதுபவனுக்கு வேண்டாம். அளவையும் தேவையையும் பார்த்துப் போட்ட பட்டியலால் யாரும் புண்பட்டதாக நான் அறியேன். அந்தப் பட்டியலிலேயே 'அளவு' என்பதை அடித்துவிட்டு 'அந்தஸ்து' என்று எழுதும்போதுதான் விவகாரம் ஆரம்பமாகிறது.

நான் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு, இருபது வருஷங்களுக்கு முன்னால், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பம்புத் தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா வேலை. தீபாவளிக்கு மூன்று குரூப்பாக ஆட்களைப் பிரிக்கச் சொன்னார்கள். ஆபீஸ்காரர்களுக்குப் பெட்டி. நிரந்தரத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி பெயர் போட்ட தோள் பை. காண்டிராக்ட் ஆட்களுக்கு அரைக் கிலோ இனிப்பு. கையெழுத்து அழகாக இருக்கிறதென்று மானேஜர் பாராட்டினார், எனக்குப் பெருமைதான்.

பவுண்டரியில் ஒரு பெரியவர் இருந்தார். பதினோரு வருஷமாக அதே உலைதான். சம்பளம் மட்டும் காண்டிராக்டர் கையிலிருந்து. இனிப்பை வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

"ஏனுங் தம்பி, அந்தப் பையில கம்பெனி பேரு போட்டிருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"என்ற புள்ளைகிட்டப் பள்ளிக்கோடத்துல உங்கப்பன் எந்தக் கம்பெனின்னு கேக்கறாங்களாமுங். பை இருந்தா மாட்டிட்டுப் போய்க் காட்டிரலாம்னு பாத்தேன்."

"உங்க குரூப்புக்குப் பை இல்லீங்க."

"சரிங் தம்பி" என்று போய்விட்டார்.

இதை நான் மறுநாள் நண்பரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தார். பிறகு, "பெயர் போட்ட சாமானைக் காண்டிராக்ட் ஆளுக்குக் கொடுக்காதே என்று வக்கீலே சொல்லுவார். நாளைக்கு அதைக் காட்டி, நான் இந்தக் கம்பெனி ஆள் என்று கோர்ட்டுக்குப் போவான்" என்றார்.

அதிலும் விஷயம் இருக்கிறது. காண்டிராக்ட் ஆள் தானாகவே கம்பெனி ஆளாகிவிட மாட்டான் என்று 2001-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் காண்டிராக்ட் என்பதே வெறும் வேஷம் என்று நிரூபணமானால் அவன் கம்பெனியின் ஆள்தான் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வேஷத்தைக் கலைக்க ஒரு பையும் சாட்சியாக வரலாம் அல்லவா? ஆக, அது வெறும் பை அல்ல என்பது உலைக்கு முன்னால் நின்ற பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது, வக்கீலுக்கும் தெரிந்திருக்கிறது. பட்டியல் போட்ட எனக்குத்தான் தெரியவில்லை.

இனாம்தானே, கொடுப்பவர் இஷ்டம் என்பார்கள். 1917-இல், யுத்த சமயத்தில், சில பஞ்சாலைகள் சம்பளத்தில் 10 சதவீதம் போனஸ் கொடுத்தபோது அதுவும் இஷ்டம்தான். 1965-இல் வந்த சட்டம் அதை உரிமையாக்கியது. பைக்கும் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சட்டத்திடம் தள்ளிவிட்டால் மனிதன் செய்வதற்குத்தான் என்ன இருக்கிறது?

ஆனால் நண்பரின் கடையை நினைத்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தப் பெரியவர் பையைக் கண்ணால் பார்த்தார். பார்த்ததால் வாய் திறந்து கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. புது ஏற்பாட்டில் அவருக்குக் கேட்க வழியில்லை. எனக்குப் பதில் சொல்லும் சங்கடமும் இல்லை. மனவருத்தம் மிச்சம் என்றாரே நண்பர், அது பட்டியல் போடுகிறவனுடைய மனவருத்தம்தான்.

அந்தத் தீபாவளிக்கு இரண்டு பைகள் மீந்தன. "நீ ஒன்றை எடுத்துக்கொள்" என்றார் மானேஜர். பெரியவர் ஞாபகம் வராமல் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்துக்கொண்டேன். நல்ல கனத்த துணி, நாலைந்து வருஷம் உழைத்தது. பவுண்டரி வழியாகப் போகும்போது மட்டும், பெயர் எழுதிய பக்கம் உடம்போடு ஒட்டியிருக்கும்படி திருப்பி மாட்டிக்கொள்வேன்.